இரவல் கருவியும் சொந்த உழைப்பும்

கணினி விளையாட்டைத் தாமே ஆக்கி விற்கப் புகும் இளைஞர்க்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "எளிதில் கற்கக்கூடிய கேம் எஞ்சினைத் தேர்ந்துகொள், பலரும் பயன்படுத்துவதையே பயன்படுத்து" என்பதாகும். கேட்க இனிய அறிவுரைதான். ஆயினும் அது பாதி உண்மையே.

படத்தை அசைத்தல், மோதலைக் கணித்தல், ஒலியை எழுப்புதல் ஆகிய பொதுவேலைகளைச் செய்து தரும் மென்பொருளே கேம் எஞ்சின். அதைக் கற்கச் சில மாதங்கள் போதும். அதன்மேல் ஒரு விளையாட்டைக் கட்டி முடிக்கவோ ஆண்டுகள் பல ஆகலாம். மாதங்களின் எளிமைக்காக ஆண்டுகளின் உழைப்பை அடகு வைப்பது அறிவுடைமை ஆகுமா?

அடகு என்பது மிகைச்சொல் அன்று. தொடக்கநிலையினர் பெரிதும் நாடிய யூனிட்டி எஞ்சினின் நிறுவனம், 2023 செப்டம்பர் 12இல் ஒரு புதுக் கட்டணத்தை அறிவித்தது. வருவாயும் பதிவிறக்கி நிறுவப்பட்ட எண்ணிக்கையும் குறித்த எல்லையைக் கடந்தால், அதன்பின் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் பணம் செலுத்த வேண்டும் என்பதே அது. முன்னரே வெளிவந்த விளையாட்டுகளும் அதற்குத் தப்பவில்லை. உலகெங்கும் எதிர்ப்பு மூண்டது. அம்மாதமே விதி தளர்த்தப்பட்டது. அக்டோபரில் தலைமை நிர்வாகி விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணமே கைவிடப்பட்டது.

"கைவிட்டபின் அச்சம் ஏன்?" என்பாரும் உளர். கட்டணம் நீங்கியது உண்மை. அடுத்த பதிப்பின் விதியை எழுதும் எழுதுகோல் இன்னும் யார் கையில் இருக்கிறது? "ஸ்லே தி ஸ்பையர்" விளையாட்டைப் படைத்த குழுவினர், யூனிட்டியில் இரண்டாண்டுக்கு மேல் உழைத்திருந்தும், அதன் இரண்டாம் பாகத்தைக் கோடோ எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டனர். முன்னரே வெற்றி கண்டோர் அவ்விழப்பைத் தாங்கினர். சேமிப்பைக் கரைத்து உழைக்கும் தனியொருவர் தாங்குவாரா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாகிவிடும்.

அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ, 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ்த் திறந்துவிடப்பட்டது. விற்பனையில் அதற்குப் பங்கு தரவேண்டியதில்லை. கையில் உள்ள பதிப்பின் உரிமத்தை எவரும் பின்னர்ப் பறிக்கவும் இயலாது. அதன் நிரல்மொழி பைத்தானை ஒத்திருப்பதால் புதியவர்க்கும் கடினமில்லை. குறையும் உண்டு: பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளுக்குக் கொண்டுசெல்லப் பிறர் உதவியோ கூடுதல் உழைப்போ தேவைப்படும். அக்குறையை முன்னறிந்து திட்டமிடலாம். விதி மாறும் நாளை முன்னறிய முடியுமா?

"சிறு கருவியால் பெருவெற்றி கிட்டாது" என்பதும் பொருந்தாது. 2024இல் வெளிவந்த பலாட்ரோ, லவ் என்னும் கட்டற்ற சட்டகத்தில் பெரும்பாலும் ஒருவராலேயே ஆக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அது 10 லட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

ஆகவே, மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர் பயிற்சிப் பாடத்தைக் காட்டுமுன் உரிமப் பத்திரத்தைப் படிக்கச் செய்க. உழைப்பவர் தம் உழைப்புக்கு உரியவராக இருத்தல் வேண்டும். அவ்வுரிமை முதல்நாள் தேர்விலேயே தொடங்குகிறது.