சிவப்பு விளக்கு மின்னுதா? ஊக்கை எடுக்காதீங்க!

போன ஞாயிறு மாலை ஏழு மணிக்கு பாளையங்கோட்டை அத்தையிடமிருந்து போன். “எய்யா, காலைலேர்ந்து நெட்டு வரமாட்டேங்குது. இன்னைக்குப் பேரனுக்குப் பொறந்தநாளு. ஒம்போது மணிக்கு கேக் வெட்டுதான். நான் எப்படிப் பாக்கது?”

பேரன் இருப்பது ஷார்ஜாவில். அங்கே ஏழரை என்றால் இங்கே ஒன்பது. அத்தை வீட்டுக்குள் செல்போன் டவர் பேச மட்டும்தான் ஆகும். வீடியோ கால் என்றால் ஃபைபர் இணைப்புதான் கதி. கையில் இரண்டு மணி நேரம் இருந்தது. நானோ சென்னையில்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சா அத்தை?”

“நாலு தடவை பண்ணியாச்சு. பக்கத்து வீட்டுப் பையன் வந்திருக்கான். பின்னாடி ஒரு ஓட்டை இருக்காம், ஊக்கால குத்துனா சரியாயிருமாம்.”

“வேண்டாம்! அவன் கையிலேர்ந்து ஊக்கை வாங்குங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம்மில் பலர் குழம்பும் இடம் இது. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி போடுவது ரீஸ்டார்ட். தூங்கி எழுந்த மாதிரி, எதுவும் மறக்காது. மோடம் முழுசாக விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்பதால், அதற்குள் மறுபடி அணைக்கக் கூடாது. அந்தச் சின்ன ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பட்டன். அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மோடத்துக்குப் பழசெல்லாம் மறந்துபோகும். நீங்கள் வைத்த வைஃபை பெயர், பாஸ்வேர்டோடு, கம்பெனிக்காரர் போட்டுவிட்டுப் போன யூசர்நேமும் அழிந்துவிடலாம். பிறகு அவரே வந்து போட்டால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கே போய்த் தேடுவது?

“அத்தை, டப்பாவுல என்னென்ன லைட்டு எரியுது, பாத்துச் சொல்லுங்க.”

“பச்சை ரெண்டு இருக்கு. செவப்பு ஒண்ணு மின்னிக்கிட்டே கெடக்கு.”

சிவப்பு விளக்கின் கீழே எல்.ஓ.எஸ். என்று எழுதியிருப்பதாகப் பையன் படித்துச் சொன்னான். பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. இதற்கு ரீஸ்டார்ட், பாஸ்வேர்டு மாற்றுவது எதுவும் உதவாது. வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே எங்காவது மடங்கி, நசுங்கி இருக்கலாம். கரண்ட் வயரை மடக்கினாலும் கரண்ட் போகும். ஃபைபரை இறுக்கமாக வளைத்தால், உள்ளே ஓடும் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும்.

“மோடத்துல மெல்லிசா ஒரு மஞ்சள் வயர் சொருகியிருக்குமே, அது எப்படி இருக்கு?”

“அதுவா? வீடு கூட்டும்போது தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சுத்தமா இருக்கட்டும்னு சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன்.”

எப்போது என்றேன். காலையில் என்றார்.

ரப்பர் பேண்டைக் கழற்றி, வயரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகத் தளர்த்தி விடச் சொன்னேன். முனையைப் பிடுங்க வேண்டாம் என்றும் சொன்னேன். நீங்களும் பிடுங்காதீர்கள். உள்ளே தூசி போனால் சிக்னல் குறையும். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது நம் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

சிவப்பு அணைந்தது. பி.ஓ.என். என்ற பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மின்னிவிட்டு நிலையாக நின்றது. ஏழே முக்காலுக்கு அத்தை வாட்ஸ்அப்பிலேயே கூப்பிட்டார்.

எல்லா வீட்டிலும் ரப்பர் பேண்டு கிடைக்காது. வயரைத் தளர்த்திய பிறகும் சிவப்பு மின்னினால், லைன்மேன்தான் வரவேண்டும். சிவப்பு இல்லை, பி.ஓ.என். பச்சையும் நிலையாக இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது பில். பிளான் முடிந்திருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கே இரண்டு முறை ஆகியிருக்கிறது. பணம் கட்டியிருந்தால் கோளாறு பெரும்பாலும் கம்பெனி பக்கம். எல்லா விளக்கும் சரி, ஆனால் ஒரு போனில் மட்டும் வரவில்லையா? மோடத்தை விட்டுவிட்டு அந்த போனைப் பாருங்கள்.

மோடம் அடிக்கடி தானாகவே அணைந்து எழுந்தால் அடாப்டர்மேல் சந்தேகப்படலாம். மாற்றும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள்.

‘100 எம்.பி.பி.எஸ். போட்டேன், ஆனா ஸ்பீடே இல்லை’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது டாக்டர் படிப்பு இல்லை, மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி.தான் டவுன்லோடு ஆகும். அதுவும் மோடத்தை டி.வி. அலமாரிக்குள் வைத்து, மேலே பூப்போட்ட துணியும் போர்த்தியிருந்தால் இன்னும் குறையும். திறந்த இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். வைஃபை பட்டியலில் 5ஜி என்று இரண்டாவதாக ஒரு பெயர் தெரிந்தால், அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பக்கத்தில் வேகம், சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4தான் தோது.

கம்பெனிக்கு போன் செய்தால் ‘எல்.ஓ.எஸ். சிவப்பு மின்னுது’ என்றே சொல்லுங்கள். ‘நெட் வரலை’ என்றால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியே பத்து நிமிடம் ஓட்டுவார்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். இழுத்தடித்தால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண்தான் வேண்டும்.

இன்றைக்கு நெட் நன்றாக ஓடுகிறதா? மோடத்தின் விளக்குகளை இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோகும் நாளில் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அத்தை அதைப் பிரிண்ட் போட்டு, மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டியே விட்டார்.