மாணவர் சங்கங்களை மாணவர்களிடமே விட்டுவையுங்கள்

மதிப்புக்குரிய அருட்தந்தை முதல்வர் அவர்களுக்கு,

தங்கள் நிர்வாகத்திலுள்ள கல்லூரியில் பயின்று, அதன் விடுதியில் உண்டு உறங்கி, அங்கே பெற்ற கல்வியைக் கொண்டே வேறோர் ஊரில் ஆசிரியத் தொழில் நடத்தி ஓய்வு பெற்ற பழைய மாணவன் நான். கிறிஸ்தவன் அல்லன், ஆயினும் அந்த ஸ்தாபனத்தின்பால் எனக்குள்ள பக்தி இன்றளவும் குறையவில்லை. கல்லூரியின் பெயரை இம்மடலில் நான் குறிப்பிடவில்லை. நான் பிரஸ்தாபிக்கப் போகும் விஷயம் நம் நாட்டுக் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவானது என்பதே காரணம்.

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் தாங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். தமிழ் மன்றம், விவாத மன்றம், நாடகக் குழு, இயற்கை ஆர்வலர் கழகம், திரைப்படச் சங்கம் முதலிய யாவும் இனி வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டுமே கூடவேண்டும் என்றும், அதற்கு வருகைப் பதிவும் ஒரு கிரெடிட்டும் உண்டு என்றும், தலைவரையும் செயலாளரையும் துறைத் தலைவர்களே நியமிப்பார்கள் என்றும், பேசப்படும் பொருளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அனுமதி பெறவேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. இதற்குத் தாங்கள் கூறும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஷிப்ட் முறை வந்த பிறகு பிற்பகலில் வகுப்பறை எதுவும் காலியாக இருப்பதில்லை. காலை ஷிப்டில் படிப்பவர்களில் பலர் மத்தியானத்துக்கு மேல் ஜவுளிக் கடையிலோ உணவு விநியோகத்திலோ வேலை பார்த்துத்தான் கட்டணம் செலுத்துகிறார்கள். கிராமத்திலிருந்து வரும் மாணவிக்கோ கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை. தேசிய மதிப்பீட்டுக் குழு வரும்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் புகைப்படமும் அறிக்கையும் காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம் வேறு. இவ்வளவும் உண்மையே. ஆனால் இந்தச் சங்கடங்களுக்குப் பரிகாரமாகத் தாங்கள் தேர்ந்திருக்கும் வழியினால், சங்கங்கள் பாடத்திட்டத்தின் மற்றொரு தாளாக மாறி, அவற்றின் ஜீவன் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

தங்கள் திருச்சபையின் சரித்திரத்தைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். இருந்தாலும், ஒரு மாணவர் சங்கம் எத்தகைய காரியத்துக்கு வித்தாகக்கூடும் என்பதற்கு அதிலேயே கிடைக்கும் உதாரணத்தைவிடச் சிறந்ததொன்றை நான் அறியேன் என்பதால் அதை இங்கே நினைவூட்டுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் ஓசானம் என்ற இளைஞர், விசுவாசிகளும் நாஸ்திகர்களும் ஒருங்கே அமர்ந்து வாதாடிய ஒரு சரித்திர விவாதக் கூட்டத்தில் உற்சாகமாகப் பங்கெடுத்துவந்தார். திருச்சபை உலகத்துக்குச் செய்த நன்மைகளை அவர் அங்கே எடுத்துரைத்தபோது, சேன் சிமோன் என்பவரின் சமதர்மக் கொள்கையைப் பின்பற்றிய எதிர்க்கட்சியார், முற்காலத்தில் செய்தது இருக்கட்டும், இன்று இந்த நகரத்து ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டனர். வாதத்தில் வென்றுவிடுவதால் தீரக்கூடிய கேள்வி அன்று அது என்பதை ஓசானம் உணர்ந்தார். 1833 ஏப்ரல் 23ஆம் தேதி, தமக்கு இருபது வயது நிறைந்த அன்றே, தோழர்கள் சிலரோடு எம்மானுவேல் பாய்யி என்ற பெரியவரின் பத்திரிகை அலுவலகத்தில் கூடி, ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று உதவுவது என்று தீர்மானித்தார். ரோசலி ரெந்து என்ற கன்னிகாஸ்திரீ அவர்களுக்கு அந்த வீடுகளின் வாசலைக் காட்டினார். இன்று தமிழ்நாட்டுப் பங்குகளில் அரிசியும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஏழைக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபை பிறந்த வரலாறு இதுதான். 1997இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் பாரிஸிலேயே ஓசானமுக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை அளித்தார்.

இந்த வரலாற்றில் தாங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று நான் விரும்புவது ஒன்று உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவன் எதிராளி. அவனுக்கும் அங்கே இடமிருந்தது; அவன் கேட்கப்போவது என்னவென்று முன்கூட்டி எவருக்கும் தெரியாது; அதற்குப் பதில் தேடியவர்களும் மாணவர்களே. பெரியவர்கள் அதற்குத் துணைநின்றார்கள். பொருளுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒப்புதல் பெற வேண்டிய ஒரு மன்றத்தில் அப்படிப்பட்ட கேள்வி எழுவதற்கு வழியே இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஆதாரமுண்டு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை பயின்ற அப்துல் கலாம், இறுதியாண்டில் விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்குச் செயலாளராக இருந்ததையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிபர் தந்தையை மாணவர்கள் அங்கே மதிய உணவுக்கு அழைத்ததையும், அவர் குழந்தையைப் போன்ற உற்சாகத்தோடு அவர்களுடைய பேச்சில் கலந்துகொண்டதையும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்து முஸ்லிம் மாணவர் ஒருவர் சைவ உணவுக்கூடத்துக்குக் காரியதரிசி. அவருடைய விருந்தாளி ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மத நல்லிணக்கம் பற்றி ஆயிரம் கருத்தரங்கு கூட்டினாலும் கிடைக்காத பயன் அந்த ஒரு மதிய உணவில் கிடைத்திருக்கிறது. அந்த விருந்துக்கு அழைத்தவர்கள் மாணவர்களே என்பதையும் தங்கள் நினைவில் இருத்த விழைகிறேன்.

நான் படித்த காலத்து விவாத மன்றத்தைப் பற்றியும் சிறிது சொல்ல அனுமதியுங்கள். கூட்டம் தொடங்கியதும் செயலாளர் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார். நீளவாட்டில் கோடு போட்ட, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய கணக்கு நோட்டு அது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று யாராவது எழுந்து ஆட்சேபித்தால், அந்த வரியை அடித்து, ஓரத்தில் திருத்தி எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே மேற்கொண்டு காரியம் நடக்கும். பொறுப்புத் தந்தை கடைசி பெஞ்சில் மாணவரோடு மாணவராக அமர்ந்திருப்பார். கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார். விசைப்படகு மீனவருக்கு நன்மையா தீமையா என்று ஒரு மாலையில் வாதம் நடந்தபோது, வள்ளத்தில் தொழில் செய்த குடும்பத்துப் பையன் ஒருவன், வாழ்நாளில் முதன்முறையாக மேடையேறி, நாலு வாக்கியத்துக்குமேல் நா எழாமல் நின்றுவிட்டான். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமை வகித்த முஸ்லிம் மாணவர் ஒரு தம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்திவைத்து, இரண்டு நிமிஷம் அதிகமாகத் தருகிறேன், நிதானமாகப் பேசு தம்பி என்றார். அதன்பின் அவன் புத்தகத் தமிழை விட்டுவிட்டு, தன் கடற்கரைப் பேச்சிலேயே, இரவில் கடலில் போட்டுவைத்த வலையை விசைப்படகின் இழுவை மடி அறுத்துக்கொண்டு போனால் விடியற்காலையில் கரையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கினான். மறுத்துப் பேசியவன் விசைப்படகு வைத்திருந்த வீட்டுப் பையன். அந்த வாதம் மன்றத்தில் முடியாமல் விடுதிச் சாப்பாட்டு மேஜை வரையில் சென்றது. அவனுக்கு அதற்காக மதிப்பெண் யாரும் தரவில்லை, அவன் எதிர்பார்க்கவும் இல்லை. வருகைப் பதிவுக்காக வந்து உட்கார்ந்து, மணியடிக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் சபையில் அவனுக்கு அந்த இரண்டு நிமிஷமும் அந்த மௌனமும் கிடைத்திருக்குமா என்பதைத் தாங்களே ஆலோசித்துப் பாருங்கள்.

மணிக்கணக்கும் பதிவேடும் கொண்டு நடக்கும் தொண்டு முயற்சிகளை நான் குறைகூறவில்லை. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று வகுத்துக்கொண்டு, ஏழு நாள் முகாம்களின் மூலம் எத்தனையோ மாணவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறது. அது அரசாங்கத்தின் திட்டம், அதற்கு அந்த முறை பொருந்தும். சிநேகத்தினாலும் ருசியினாலும் கூடும் சங்கத்துக்கு அம்முறை பொருந்தாது.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் கல்லூரியின் கத்தோலிக்கத் தன்மைக்குப் பங்கம் வருமோ என்ற கவலை தங்கள் ஆலோசனைக் குழுவில் சிலருக்கு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி 1990இல் பாப்பரசர் வெளியிட்ட சாசனமே, அங்குள்ள ஒவ்வொருவருடைய மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 1924இல் தோன்றி நூறாண்டு கண்டுவிட்ட அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு, காலப்போக்கில் பிற மதத்து மாணவருக்கும் கதவைத் திறந்தது. அதனால் அது அழிந்துவிடவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே நாடகத்தில் நடிப்பதற்கும் ஒரே பெஞ்சில் அமர்ந்து சுவரொட்டி எழுதுவதற்கும் தடைவிதிப்பதால் ஒழுக்கம் வளர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆசிரியர்கள் அறியக் கூடிப் பழகும் இடம் கல்லூரிக்குள் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

தேர்தல் என்றதும் கட்சி அரசியலும் கலகமும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகள், வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது வரை விதிமுறைகளை வகுத்துத் தந்திருக்கின்றன. கல்லூரிப் பேரவைக்கே இவ்வளவு ஒழுங்கோடு தேர்தல் நடத்தலாமென்றால், முப்பது பேர் கொண்ட தமிழ் மன்றம் கையைத் தூக்கித் தன் செயலாளரைத் தேர்ந்துகொள்வதில் என்ன அபாயம் வந்துவிடப் போகிறது?

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. சங்கங்களுக்குரிய கிரெடிட்டையும் கட்டாய வருகைப் பதிவையும் நீக்கிவிடுங்கள். இரண்டு ஷிப்டு மாணவரும் சந்திக்கக்கூடிய ஒரு நேரத்தையும், இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் ஓர் அறையையும், அவர்களே கணக்கெழுதிச் செலவிடத்தக்க ஒரு சிறு தொகையையும் ஒதுக்கித் தாருங்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிடும் மாணவிகளை வாரத்தில் அந்த ஒரு நாள் கல்லூரி வண்டியில் ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்காகும் எரிபொருள் செலவைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் மறுக்கமாட்டோம். செயலாளர்களை மாணவரே தேர்ந்துகொள்ளட்டும். பொருளையும் அவர்களே நிச்சயிக்கட்டும். தாங்களோ, தங்களுடன் பணிபுரியும் தந்தையரில் ஒருவரோ, மாதத்துக்கு ஒருமுறையேனும் மேடைக்கு வராமல் கடைசி பெஞ்சில் அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் அந்தச் சுற்றறிக்கையைத் தாங்கள் திரும்பப் பெறவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கல்லூரியின் பழைய மாணவன்