ஊட்டிப் பனிக்குத் தனி டயர் வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கார்கள் புறப்பட்டுவிடும். தலைக்குந்தாவில் புல்தரை முழுவதும் வெள்ளை வேட்டி விரித்ததுபோல் உறைபனி படிந்திருக்கும் படம் பத்திரிகைகளில் வரும். அதைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு சந்தேகம். "கனடாவில் இருக்கும் நம் பையன் குளிர்காலத்துக்கென்று தனி டயர் மாட்டுகிறானே! நம் காருக்கும் அது வேண்டாமா?"

நியாயமான கேள்விதான்.

கனடாவில் ஏன்?

குளிரில் ரப்பர் விறைத்துப் போகும். குளிர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயர் இறுகிவிடும். சாலையைப் பற்றும் சக்தி குறையும். பிரேக் போட்டாலும் கார் வழுக்கிக்கொண்டே போகும். பனிக்கால டயரின் ரப்பர் வேறு கலவை. கடுங்குளிரிலும் அது மென்மையாக இருக்கும். அதில் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் கட்டாயம். தமிழர்கள் நிறைய வாழும் ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால், மாட்டியவர்களுக்கு இன்சூரன்சு கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால், "நான்கு சக்கரத்துக்கும் மாட்டிவிட்டாயா?" என்று கேளுங்கள். இரண்டுக்கு மட்டும் மாட்டுவது ஆபத்து.

ஊட்டியில் வேண்டாம்!

ஊட்டியில் இருப்பது இரவில் படியும் உறைபனி. வெயில் ஏறியதும் கரைந்துவிடும். மறுநாளே கார் நம் ஊர் வெயிலுக்குத் திரும்பிவிடும். பனிக்கால டயர் இந்த வெயிலில் சீக்கிரம் தேய்ந்து போகும். பிரேக் போட்டால் கார் நிற்க அதிக தூரமும் ஆகும். ஆகவே, அதை வாங்குவது வீண் செலவு மட்டும் அல்ல, ஆபத்தும்கூட.

மொட்டை டயரே எமன்

நமக்கு உண்மையான ஆபத்து தேய்ந்த டயர்தான். ஈரச் சாலையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது டயரில் உள்ள பள்ளங்களே. அவை தேய்ந்தால் கார் தண்ணீரின்மேல் வழுக்கும், ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. கொண்டை ஊசி வளைவில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?

கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். புறப்படும் முன் காற்றையும் சரிபாருங்கள். ஊட்டியில் வெயில் ஏறிய பிறகே வண்டியை எடுங்கள்.

"இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள் அல்லவா?