மூக்கில் ரத்தம்: எல்லாம் சூடு அல்ல!

பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நம் வீடுகளில் உடனே சொல்வது ஒன்றுதான்: "உடம்புச் சூடு!" இளநீர் கொடுப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பார்கள். ரத்தம் நின்றதும் மறந்துவிடுவார்கள்.

பெரும்பாலும் இதனால் கெடுதி இல்லை. மூக்கின் முன்பக்கத்தில், நடுத்தண்டின் மேல், மெல்லிய ரத்தக் குழாய்கள் கூடும் இடம் ஒன்று இருக்கிறது. விரலால் நோண்டினாலும், காற்றில் உலர்ந்தாலும் அங்கே ரத்தம் கசியும். பிள்ளையை உட்கார வைத்து, தலையை முன்னே குனியச் செய்து, மூக்கின் மெதுவான பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும்.

ஆனால், எல்லா ரத்தமும் சூட்டினால் வருவது அல்ல!

ஆண் பிள்ளைகளுக்கு வரும் கட்டி

மூக்கின் பின்னால், வெகு ஆழத்தில், அபூர்வமாக ஒரு கட்டி வளர்வது உண்டு. அதற்கு 'ஆஞ்சியோஃபைப்ரோமா' என்று பெயர். அது ஏறக்குறைய ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும். அதுவும் மீசை அரும்பும் பருவத்தில்!

இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் பொல்லாதது. கட்டி முழுவதும் ரத்தக் குழாய்கள். சாதாரணக் குழாய் அறுந்தால் தானே சுருங்கி ரத்தத்தை மட்டுப்படுத்தும். இந்தக் கட்டியின் குழாய்களுக்குச் சுருங்குவதற்கு வேண்டிய தசை சரியாக இல்லை. ஆகவே, தொட்டால் ரத்தம் கொட்டும். சோதனைக்காக ஒரு துண்டு வெட்டி எடுப்பதுகூட ஆபத்து. 'ஸ்கேன்' படங்களைப் பார்த்தே டாக்டர்கள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கவனிக்காமல் விட்டால் கட்டி கன்னத்துக்குள் புகும். கண்ணை முன்னே தள்ளும். மண்டை ஓட்டின் அடிப்பாகத்தையும் அரிக்கும்.

முகத்தில் கத்தி படாமல்

முன்பெல்லாம் இந்தக் கட்டியை எடுக்க மூக்கின் ஓரத்தையோ, மேல் உதட்டின் உட்புறத்தையோ, அண்ணத்தையோ கீறித்தான் உள்ளே போகவேண்டும். மூக்கோரம் கீறினால் முகத்தில் தழும்பு நிற்கும்.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கர், மூக்கின் உட்புறத்தை 'எண்டோஸ்கோப்' என்னும் குழலால் ஆராய்ந்து, 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார். குழலின் பருமன் சுமார் 4 மில்லிமீட்டர். சைனஸ் ஆபரேஷனுக்கு வந்த அந்தக் குழலே 1990-களில் இந்தக் கட்டிக்கும் துணைக்கு வந்தது. மூக்குத் துவாரம் வழியாகவே சென்று, உள்ளே நடப்பதைத் திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டு கட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

ஆபரேஷனுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பாக இன்னொரு வேலையும் நடக்கிறது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் வழியை நுண்ணிய துகள்களால் அடைத்துவிடுகிறார்கள். வாய்க்காலை அடைத்த பிறகு வயலில் இறங்குவது போல! அதனால் ரத்தச் சேதம் பெரிதும் குறைகிறது.

கருவி மட்டும் போதுமா?

போதாது! கட்டி சிறியதாக இருக்கும்போதுதான் இந்த வழி சுலபம். மண்டைக்குள் வெகுதூரம் பரவிவிட்டால் வெளியே கீறவும் நேரலாம். எலும்புக்குள் சிறிது மிச்சம் இருந்தாலும் மறுபடி வளரும். ஆகையால், ஆபரேஷனுக்குப் பிறகும் டாக்டர் சொல்லும் தவணைகளில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். "சரியாகிவிட்டதே" என்று நின்றுவிடக் கூடாது.

எவ்வளவு கெட்டிக்கார டாக்டரானாலும், தன்னிடம் வராத பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. பிள்ளையை நேரத்தில் அழைத்துப்போவது வீட்டாரின் பொறுப்பு. பள்ளி ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு. வாயைத் திறந்தபடி மூச்சு விடும் மாணவனை "தூங்குமூஞ்சி" என்று கேலி செய்வதை விட்டு, பெற்றோருக்குச் சொல்லி அனுப்பலாம் அல்லவா? பள்ளிகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு, "ஒரு பக்க மூக்கு அடைக்கிறதா? அடிக்கடி ரத்தம் வருகிறதா?" என்றும் கேட்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

பெற்றோர் இதை நினைவில் வைத்தால் போதும்: வளரும் ஆண் பிள்ளை, ஒரே பக்கத்தில் நீங்காத மூக்கடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். வேறு காரணமாக இருந்தால் நிம்மதி. இந்தக் கட்டிதான் என்றால், சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்!