கேழ்வரகு வயலில் ஒரு சனிக்கிழமை



சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில், புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு, ஒரு தகப்பனார் மாத்திரம் எழுந்திராமல் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாலிப வயதில் பெங்களூருக்கு வந்து, பொம்மசந்திராவில் லேத் பட்டறையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனவர். ஒரே மகனைப் பொறியியல் படிக்கவைத்துக் கம்பெனி வேலையிலும் சேர்த்துவிட்டார்.

"பாஸ்டர், என் மகன் நம்பர் ஆட்டத்தில் விழுந்துவிட்டான்" என்றார்.

அவருடைய மூத்த சகோதரர் லாட்டரிச் சீட்டில் ஊரிலிருந்த வீட்டையே இழந்தவர். தமிழ்நாட்டில் 2003-லும் கர்நாடகத்தில் 2007-லும் லாட்டரி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நம்பர் சூதாட்டம் மறைவில் நடந்துகொண்டுதான் இருக்கின்றது என்பதை நாம் அறிவோம். இந்தத் தகப்பனார் கண்டது என்னவென்றால், மகன் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அமெரிக்கப் பங்குச் சந்தையின் நம்பரைக் கைபேசியில் பார்க்கிறான். சனிக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். எங்கே என்று கேட்டால், "நம்பர் எங்கே சொல்கிறதோ அங்கே" என்கிறான். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் இராத்தூக்கம் போயிருக்கும்.

மறுநாள் அந்த வாலிபரை அழைத்துப் பேசினேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் இதைச் சொல்லக்கூடும்.

பூமியின்மேல் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் கற்பனைக் கோடுகள் வரையப்பட்டிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பாகைக்கு ஒரு கோடாக வரைந்தால், வடதுருவத்தையும் தென்துருவத்தையும் சேர்த்து 64,442 சந்திப்புப் புள்ளிகள் உண்டாகும். அவற்றில் பாதிக்குமேல் கடலில் இருக்கின்றன. 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலெக்ஸ் ஜாரட் என்பவர், கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியில் முழு எண்கள் தெரியும் இடத்திற்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று நினைத்து, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் 43 பாகை வடக்கும் 72 பாகை மேற்கும் சந்திக்கும் இடத்திற்குப் போனார். படம் எடுத்து இணையத்தில் வெளியிட்டார். பின்பு பல தேசத்தாரும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அந்நாட்களில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலைகளை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தபடியால், கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தடையை நீக்கினார்கள். இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி, திறந்த வெளியில் சில மீட்டர்களுக்குள் இடத்தைச் சொல்லிவிடுகின்றது.

நம் பக்கத்திலும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. 13 பாகை வடக்கும் 80 பாகை கிழக்கும் சந்திப்பது சென்னைக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டை அருகில். 19-ம் 73-ம் சந்திப்பது நவி மும்பையில் நெருலுக்குத் தெற்கே கழிமுகப் பக்கத்தில். அந்த 13-ஆம் பாகைக் கோடு மேற்கே சூரத்கல் அருகில் கரையேறி, பெங்களூரில் மல்லேசுவரம், பிரேசர் டவுன் பகுதிகளை ஒட்டி வந்து, கோலார் தங்கவயலுக்குச் சற்று வடக்கே கடந்து, சென்னை பெசன்ட் நகரில் கடலில் இறங்குகின்றது. தங்கவயலிலும் பிரேசர் டவுனிலும் நம் ஜனங்கள் தலைமுறைகளாகக் குடியிருந்தும், தங்கள் அருகே இப்படியொரு கோடு போவதை அறியார்கள். இத்தனை ஆண்டுகள் அந்தத் தெருக்களில் வீடு சந்தித்து நடந்த நானும் அறியேன்.

ஆனால் முழு எண் புள்ளிகள் அசைவதில்லை. ஒருவர் போய்விட்டால் அடுத்தவருக்குப் புதுமை இல்லை. ஆகவே 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராண்டல் மன்றோ என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் (முன்பு நாசாவில் பணிசெய்தவர்) தம் சித்திரம் ஒன்றில் வேறொரு வழியைக் காட்டினார். அதற்கு ஜியோஹாஷிங் என்று பெயர். அன்றைய தேதியையும், டவ் ஜோன்ஸ் என்னும் பங்குச் சந்தைக் குறியீட்டின் தொடக்க எண்ணையும் சேர்த்து ஒரு கணினிச் சூத்திரத்தில் போடவேண்டும். அது ஆட்டுக்கல்லைப் போன்றது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது; ஒரு மணி கூடினாலும் மாவு முற்றிலும் மாறிவிடும்; ஆயினும் அதே தானியத்தை யார் எங்கே போட்டாலும் அதே மாவுதான் வரும். அந்த மாவிலிருந்து இரண்டு தசம எண்களை எடுத்து, நாம் வசிக்கும் கட்டத்தின் பாகைகளோடு சேர்த்தால் அன்றைக்குரிய இடம் கிடைக்கின்றது.

பங்குச் சந்தை எதற்கு என்று கேட்டேன். தேதி மாத்திரம் இருந்தால் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் இடத்தையும் இன்றே கணக்கிட்டுவிடலாம். நாளைய சந்தை எந்த எண்ணில் திறக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாதபடியால், இடமும் முன்கூட்டித் தெரியாது. இந்தியா போன்ற கீழ்த்திசை நாடுகளுக்கு முந்தின நாளின் எண்ணையே எடுக்கிறார்கள். நியூயார்க் சந்தை திறக்கும்போது நமக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டு மணி, மற்ற மாதங்களில் ஏழு மணி. தகப்பனாரைக் கலங்கவைத்த வெள்ளிக்கிழமை எட்டு மணியின் இரகசியம் இவ்வளவுதான். பணம் கட்டுவது இல்லை, ஜெயிப்பவரும் தோற்பவரும் இல்லை.

நம்முடைய பெரிய பட்டணங்களுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு தயவாக இல்லை. மும்பையின் கட்டத்திலும் சென்னையின் கட்டத்திலும் பெரும்பகுதி கடல். அநேக நாட்களில் எண் தண்ணீரைத்தான் காட்டும். தென்பெங்களூரின் கட்டமோ முழுவதும் நிலம். ஒசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் கனகபுரமும் மாதேசுவரன் மலையும் அதற்குள் அடங்கும். பக்கத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கட்டத்தில், நம்மில் அநேகர் வீடு, கம்பெனி, சபை, ஊருக்குப் போகிற இரயில் என்னும் நான்கு புள்ளிகளுக்கு அப்பால் காலடி வைத்ததில்லை.

சீட்டுப்போடுவது வேதத்தில் இல்லையா என்று சிலர் கேட்கலாம். யோசுவா தேசத்தைச் சீட்டினால் பங்கிட்டார். யோனா ஏறின கப்பலிலும் சீட்டுப் போட்டார்கள். யூதாசின் ஸ்தானத்திற்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் அவ்விதமே. அங்கெல்லாம் ஒரு காரியத்திற்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. இந்த வாலிபர் எண்ணிடம் எந்தத் தீர்ப்பையும் கேட்கவில்லை. அதைத்தான் நான் முதலாவது விசாரித்தேன். ஏனெனில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் ரான்டோநாட்டிகா என்றொரு கைபேசிச் செயலி இளைஞரிடையே பரவிற்று. அதில் மனதில் ஒரு நோக்கத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லி ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். நினைவு எண்ணை இழுக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அவ்வாண்டு ஜூன் மாதம் சியாட்டில் பட்டணத்தில் அப்படிப் போன பிள்ளைகள் கடற்கரையில் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே மனித உடலின் பாகங்களைக் கண்டார்கள். அது தற்செயல். கோடிக்கணக்கான தடவை இடம் காட்டும்போது இப்படி ஒன்று நேரிடுவது ஆச்சரியமல்ல. ஆயினும் அதை அடையாளம் என்று எடுத்துக்கொண்டவர்கள் திரளானவர்கள். நினைத்ததை எண் காட்டும் என்று நம்பத் தொடங்கினால் அது குறிகேட்பதுதான். பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தத் தம்பியோ, "போய்ப் பார்ப்பதற்குத்தான் ஐயா" என்றார்.

எதைப் பார்ப்பதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே அந்தச் சனிக்கிழமை அவருடைய பைக்கின் பின்னால் ஏறினேன். (முதுகு மூன்று நாள் என்னைக் கண்டித்தது.) எண் அன்றைக்குத் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஓர் இடத்தைக் காட்டிற்று. தார்ச்சாலை முடிந்து, மண்பாதையும் முடிந்து, வரப்பில் நடந்து போனோம். கேழ்வரகு முற்றி அறுவடைக்கு நின்றது. நாங்கள் தேடின புள்ளி வரப்பிலிருந்து நாற்பது மீட்டர் உள்ளே என்று கைபேசி சொல்லிற்று. தம்பி அங்கேயே நின்று, கைபேசியை உயர்த்தி, வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று படம் எடுக்கத் தொடங்கினார்.

குடிசையிலிருந்து ஒரு மூதாட்டி ஓடிவந்தார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது.

"அளக்கவா வந்திருக்கீங்க? நிலம் கொடுக்கமாட்டேன்னு போன தடவையே சொல்லிட்டேனே சாமி!"

பிரியமானவர்களே, ஒசூரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகியிருப்பதை அறிவீர்கள். அங்கே செருப்பும் சுத்தமான சட்டையுமாய் ஓர் அந்நியன் வயலோரத்தில் நின்று நான்கு திசையிலும் படம் எடுத்தால், அதற்கு ஒரே அர்த்தந்தான். நாங்கள் விளையாட்டு என்று எண்ணிச் செய்த காரியம் அந்தத் தாயாரின் அடிவயிற்றைக் கலக்கிவிட்டது. நான் பிரசங்கம் செய்து பழகின வாய்; அன்றைக்கு அது திறக்கவில்லை.

தம்பிதான் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வரப்பில் குந்தி உட்கார்ந்தார். "பாட்டி, இது ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டர் ஒரு இடத்தைச் சொல்லும். நாங்க போய்ப் பார்ப்போம்."

"பார்த்து?"

"பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதும் வாங்காமல், விற்காமல், ஓட்டுக் கேட்காமல் ஒருவன் அவ்வளவு தூரம் வருவான் என்பதை நம்புவதற்கு அவருக்குச் சற்று நேரம் சென்றது. பின்பு, "எந்த இடம்?" என்று கேட்டு, கதிர்களைக் கையால் விலக்கி அவரே முன்னால் நடந்தார். புள்ளி வந்ததும் தம்பி, "இங்கேதான்" என்றார். அங்கே கேழ்வரகுதான் இருந்தது. "இங்கேயா? இதிலே என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

அப்புறம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். அறுவடைக் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்குமாம். ஒரே இராத்திரியில் பாதி வயல் போய்விடுமாம். இரவெல்லாம் பரண்மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டு விழித்திருப்பாராம். மகன் ஒசூரில் கம்பெனியில் இருக்கிறான். நிலத்தை விற்றுவிட்டு வந்து தன்னோடு இருக்கும்படி ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்கிறான். அவன் சொல்வதும் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குக் களியும் கீரையும் கொடுத்தார். என் பையில் கைப்பிரதிகள் இருந்தன. அன்றைக்கு நான் அவற்றை எடுக்கவில்லை. பார்க்க மாத்திரம் வந்தோம் என்று சொல்லிவிட்டோமே! இதைக் குறித்துச் சில சகோதரர் என்னோடு வாதிக்கலாம், வாதிக்கட்டும்.

திரும்பும்போது, எந்தப் படத்தை வெளியிடுவது என்ற பேச்சு வந்தது. புள்ளியின் எண் உலகத்தார் யாவரும் கணக்கிடக்கூடியது. அதை மறைக்க வழியில்லை. ஆனால் அந்த எண்ணுக்கருகே ஒரு மூதாட்டி தனியே இருக்கிறார் என்பதை நாம் சேர்த்துச் சொல்லவேண்டியதில்லை. குடிசை தெரிந்த மேற்குப் பக்கத்துப் படத்தையும், எல்லைக்கல் தெரிந்ததையும் தம்பி அழித்துவிட்டார். கதிர்களும் வானமும் உள்ள ஒன்றை மாத்திரம், அவர் சம்மதித்தபடியே வெளியிட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் போவதானால் சிலவற்றைச் சொல்லிவையுங்கள். வேலிக்குள்ளும் பயிருக்குள்ளும் கேட்காமல் நுழையக்கூடாது. படம் எடுக்குமுன் ஆளைத் தேடிப் பேசவேண்டும். இராணுவ இடங்களையும் தடைசெய்யப்பட்ட இடங்களையும் படம் எடுப்பது குற்றம். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தாலும் வாங்காதிருங்கள். பன்னேர்கட்டா காடும் காவிரி வனவிலங்குச் சரணாலயமும் பெங்களூர்க் கட்டத்திற்குள்ளேயே இருக்கின்றன. அங்கே எண் விழுந்தால் அன்றைக்கு வீட்டிலிருப்பதே புத்தி. போய்ச் சேரமுடியாமல் திரும்பினவர்களும் அதைக் கூச்சமின்றி எழுதுவது இவர்களிடத்தில் வழக்கமாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுவாரம் எண் காவிரிச் சரணாலயத்தின் நடுவே விழுந்தது, தம்பி போகவில்லை. அதற்கடுத்த வாரம் கனகபுரத்திற்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரியின் ஓரம். அன்றைக்குத் தகப்பனாரும் கூடப் போனார். பொம்மசந்திராவுக்கு வந்த நாள்முதல் அவர் மகனோடு ஒரு நாள் முழுவதும் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை என்று அவருடைய மனைவி சொன்னார்கள். தம்பி எனக்கு நான்கு படங்களையும் அனுப்பியிருந்தார். வடக்குப் பக்கத்துப் படத்தில் தகப்பனார் குறுக்கே நின்று, நெற்றியில் கைவைத்துத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். நகரச் சொல்லியும் நகரவில்லையாம்.