தபால் தலையும் தாய்வீடும்

இராமநாதபுரம் சீமைக்காரர்களிடம் பெண்ணுரிமையைப் பற்றி வாயெடுத்தால், "எங்களுக்கா சொல்ல வந்தீர்கள்? வேலு நாச்சியார் பிறந்த மண் ஐயா இது!" என்று உடனே பதில் வந்துவிடும். பெருமை நியாயமானதுதான். சேதுபதி குலத்தில் பிறந்து சிவகங்கைக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், மகளுடன் விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்தார். ஐதர் அலியின் உதவியுடன் 1780-ல் சீமையை மீட்டார். 2008-ல் தபால் தலை வெளியிட்டு அரசாங்கமும் அவரைக் கௌரவித்தது.

எல்லாம் சரி. ஆனால் அவருடைய பகைவன் வெளியிலிருந்து வந்தவன். அப்படிப்பட்டவனோடு போரிட்ட பெண்ணைக் கொண்டாடுவதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆதிக்கத்தை எதிர்த்து ஒருத்தி கிளம்பினால் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வீங்கிய கன்னத்தோடும் ஒரு துணிப்பையோடும் மகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அவளுக்குக் காபி கொடுக்கிறோம். மூன்றாம் நாள், "அனுசரித்துப் போம்மா, நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்கிறோம். நாலாம் நாள் அவளைத் திரும்ப பஸ் ஏற்றிவிடுகிறோம். போக மறுத்தால் 'வாழாவெட்டி' என்று ஒரு பட்டம் கட்டுகிறோம். அடித்தவனுக்கு அப்படி ஒரு பட்டமும் நம் பாஷையில் இல்லை. விருப்பாச்சியார் எட்டு வருஷம் அடைக்கலம் கொடுத்தார்களே, அவர்களும் நாலாம் நாளே நாச்சியாரை அனுப்பிவைத்திருந்தால் சரித்திரம் என்ன ஆகியிருக்கும்?

"கட்டியவனை விட்டு வருவது மேல்நாட்டு நாகரிகம், நம் வழக்கமா அது?" என்று பெரியவர்கள் சீறுகிறார்கள். நம் வழக்கமேதான். தென்பாண்டிச் சீமையின் பல சாதிகளில் பஞ்சாயத்தார் முன்னால் தீர்த்துவிடுவதும், அறுத்துக் கட்டுவதும் சாதாரணமாக நடந்து வந்தவை. அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்தான். எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் வெளியே போக ஒரு வாசல் இருந்தது. நாலெழுத்துப் படித்து, காரை வீடு கட்டி, 'கௌரவம்' வந்த பிறகுதான் அந்த வாசலை அடைத்தோம். சென்னை ராஜ்யம் 1949-ல் விவாகரத்துச் சட்டம் செய்தது. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமோ, வழக்கப்படி தீர்த்துவிடும் உரிமையையும் கைவைக்காமல் விட்டது. சட்டம் மதித்த வழக்கத்தைச் சொல்லவே நாம் கூசுகிறோம்.

இராமநாதபுரத்து அரண்மனையிலேயே இன்னொரு கதை உண்டு. ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கணவரை இழந்தபின் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது என்று மதுரைக் கலெக்டர் வழக்காட, விவகாரம் லண்டன் பிரிவி கௌன்சில் வரை போயிற்று. 1868-ல் ராணியின் பக்கம் தீர்ப்பாயிற்று: கணவன் அனுமதி தராமல் போயிருந்தாலும், பங்காளிகளின் சம்மதம் இருந்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம். சம்மதம் எதற்காம்? பெண் சுதந்திரமாக முடிவு செய்யத் தகுதியற்றவள் என்று கருதப்பட்டதால்! ஜமீனை ஆண்டவளுக்கே அந்த கதி.

1956-ல் வந்த சட்டங்கள் அந்தப் பங்காளிச் சம்மதத்தை ஒழித்தன; இந்துப் பெண்ணின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கின. 2006-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுத்தது. சட்டம் இவ்வளவு தூரம் நடந்துவிட்டது. நம் வீட்டுத் திண்ணை மட்டும் 1868-லேயே உட்கார்ந்து, "அண்ணன் தம்பிகள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

சம்பாதிக்கத் தெரியாததால்தான் பெண்கள் அடங்கியிருக்கிறார்கள் என்பாரும் உண்டு. அவர்கள் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறை நிறைந்த கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள் பெண்கள். அந்த உழைப்பு சாமானியமா? சம்பாதிப்பது மட்டும் போதாது. அந்தக் காசு அவள் பெயரில் இருக்கிறதா, அல்லது புருஷனுடைய சட்டைப் பைக்குப் போகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

குடும்பம் சிதறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாய்வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால், கை ஓங்குகிற மாப்பிள்ளையும் ஒரு முறை யோசிப்பான். அவள் போக்கிடமற்றவள் என்ற தைரியத்தில்தானே கை ஓங்குகிறான்?

ஆகையால், நாச்சியாருக்கு மாலை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே மகள் பெயரில் ஒரு பாங்கிக் கணக்கும், வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையும் வையுங்கள். அவள் துணிப்பையோடு வந்து நின்றால், எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்காமல் இருங்கள்.