காற்று கீழிருந்து காய்கிறது

"சூரியன்தான் காற்றைச் சூடாக்குகிறது, புனேயின் கோர்படியில் மரம் இருந்தால் என்ன, கான்கிரீட் இருந்தால் என்ன?" என்று வாதிடுகிறார் நண்பர். அப்படியானால் 1,350 மீட்டர் உயரத்து மகாபலேஷ்வர் அல்லவா கொதிக்க வேண்டும்! புனேக்காரர்கள் மே மாதத்தில் அங்கே ஓடுவது எதற்காம்?

சூரிய ஒளியில் கால்பங்குக்கும் குறைவாகவே காற்றுமண்டலம் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ பாதியைத் தரையும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. காற்றுக்குச் சூடு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது. வெக்கையின் உச்சம் நண்பகலில் வராமல் இரண்டு, மூன்று மணிக்கு வருவதும் அதனால்தான். அதே வெயிலில் கோர்படித் தண்டவாளம் கையைச் சுடும், முளா-முட்டா ஆறு சுடாது: ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க இரும்பைவிட ஒன்பது மடங்கு வெப்பம் தேவை. மரமோ, வாங்கிய வெப்பத்தில் பெரும்பகுதியை நீரை ஆவியாக்கவே செலவிடுகிறது. கான்கிரீட்டுக்கு அந்த வழி இல்லை. மரத்தை வெட்டித் தளம் போடுகிறவர் காற்றையும் சேர்த்தே சூடாக்குகிறார்.